பூனை நம்பிய நடை

1.

இறந்துபோன ஒரு பெண்மணி என்று என்னை நம்பி, புதுச்சேரி முல்லா வீதியில் ஒரு பூனை கடைசிவரை என் பின்னாலேயே வந்தது. நல்ல வெயில் நேரம். நான் லுங்கியில் இருந்தேன். மீசை இருந்தது. இரண்டு சைக்கிளுக்கு நிழல் தரக்கூடிய தொப்பையும் இருந்தது. அப்படியும் நம்பியது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

நம்ப முடியவில்லையா? வரிசையில் நில்லுங்கள். உங்களுக்கு முன்னால் கலீலுல்லா பாய் நிற்கிறார். எதிர்வீட்டுக்காரர், பாத்திரக்கடைக்காரர், என்னைப் பிரெஞ்சுக்காரன் மாதிரி 'முசியே' என்று கூப்பிடுபவர், என் புளுகுகளை நிறுப்பதற்கென்றே ஆண்டவன் அனுப்பி வைத்த தராசு. எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் கடையில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறேன். அவர் சொல்வதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

("பூனையும் வரல, ஒண்ணும் வரல. மொத வரியே புளுகு. அடிங்க முசியே கோபிநாத்.")

அடிக்க மாட்டேன்.

2.

முதலில் வேறு மாதிரி தொடங்கியிருந்தேன்: 'ரெட்டியார்பாளையம் பக்கம் ஓர் அனிமேஷன் கல்லூரி. அங்கே மரீஹா என்றொரு மாணவி. அவள் கண்கள் நிறையக் கனவுகள்...' கிழித்துப் போட்டேன். பாயின் மகள் மரீஹாவின் கண்களில் நான் கனவைப் பார்த்ததேயில்லை. கம்ப்யூட்டரை முறைத்து முறைத்துச் சிவந்த எரிச்சல்தான் இருக்கும்.

அடுத்த தொடக்கம்: 'மரீஹாவின் தாய் ஜீனத்துன்னிசா கொரோனாவில் போனபிறகு அந்த வீட்டில்...' இது உண்மை. உண்மையில் தொடங்க எனக்குக் கூச்சம். நான் மின்துறையில் மீட்டர் கணக்கெடுத்தவன். ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுத முடியாத உத்தியோகம். அத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் ஓய்வுக்குப் பிறகு பீறிட்டு வருகிறது. நான் என்ன செய்ய?

3.

மரீஹா முதல் வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டர் திரையில் பந்து எம்ப வைத்தாள். வேறு படிப்பே இல்லை என்று நினைத்தேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அங்கிள், இது இரும்பா, ரப்பரா?" என்பாள். "பூசணிக்காய்" என்பேன். முறைத்துவிட்டுப் போவாள். சில மாதம் கழித்து அதே வட்டத்தை இரண்டு விதமாக எம்ப வைத்துக் காட்டினாள். நிறம் இல்லை, கோடு மட்டும். ஆனால் ஒன்று கோலிக்குண்டு, இன்னொன்று தண்ணீர் நிரப்பிய பலூன் என்று என் வாய் தானாகச் சொன்னது. ஒரு வட்டத்துக்கு எடை வைக்க அவள் கற்றுவிட்டாள். (அந்தப் பந்து திரையைவிட்டு உருண்டு வந்து என் கால் கட்டைவிரலில் விழுந்தது என்று எழுதியிருந்தேன். பாய் அடிக்கச் சொன்னார். அடித்தேன். வலி மட்டும் இருக்கிறது.)

கடைசி வருஷம் சொந்தமாக ஒரு படம் செய்ய வேண்டும். ஒரு பெண் தெருவில் நடக்கிறாள். அவ்வளவுதான் கதை என்றாள். முகம் கிடையாது.

"யாரும்மா அது?"

"அம்மா. முகமே இல்லாம, நடையை வச்சே அத்தா கண்டுபிடிக்கணும் அங்கிள். இல்லாட்டி இந்தப் படத்தால எனக்குப் பிரயோசனமில்ல."

ஆனால் ஜீனத்துன்னிசா நடக்கும் வீடியோ ஒன்றுகூட இல்லை. கல்யாண வீடியோவில் உட்கார்ந்தே இருக்கிறார். போனில் உள்ளதெல்லாம் அவர் எடுத்தது. அதனால் எதிலும் அவர் இல்லை. மரீஹா மென்பொருளில் தயாராக இருந்த ஒரு நடையை எடுத்து அம்மாவுக்கு மாட்டினாள். அம்மா நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணைப் போல வழுக்கிக்கொண்டு போனார். அவளுடைய ஆசிரியை பூர்ணிமா மேடம் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா இது யாரு வேணா இருக்கலாமே" என்றாராம். அன்றே அழித்துவிட்டாள்.

4.

ஒரு கதாபாத்திரத்தை உருவாக்கும்போது முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று கோணத்திலும் வரைந்து பார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். மரீஹா அம்மாவையும் அப்படித் தேடிக் கிளம்பினாள். முதலில் கடைக்குப் போய் அப்பாவிடம் கேட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்; எங்கேதான் நான் இல்லை?

"அத்தா, அம்மா எப்படி நடப்பாங்க?"

"நல்லா நடப்பா."

"அதான், எப்படி?"

"எப்படின்னா இன்னா சொல்றது? எல்லாரும் நடக்கற மாதிரிதான்." குண்டானைத் துடைத்தார். ஏற்கெனவே பளபளத்த குண்டான். பிறகு அதனிடமே சொல்வது போலச் சொன்னார்: "நான் முன்னாடி போவேன்மா. அவ பின்னாடி வருவா. நான் எங்க பாத்தேன்?"

(பாய் இந்தப் பத்திக்கு ஒன்றும் சொல்லவில்லை.)

பின்பக்கம் மரீஹாவிடமே இருந்தது; சின்ன வயதில் அம்மாவுக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டே போன பிள்ளை அவள். பக்கவாட்டு என்னிடம் இருந்தது. என் மாடி ஜன்னல் தெருவைப் பார்த்த ஜன்னல். ஜீனத்துன்னிசா மீன் வாங்கிக்கொண்டு இடது கையில் ஒயர் கூடையோடு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் கடப்பதைத் தினமும் பார்த்தவன் நான்.

"நடந்து காட்டுறேன், போன்ல புடிச்சிக்கோ" என்றேன்.

5.

பாய் கடை வாசலிலிருந்தே, ஒயர் கூடையும் கையுமாக நடந்தேன். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி, குதிகாலைத் தேய்க்காமல், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, தலையைத் திருப்பி, பிறகு நடந்து. தெருவே கைகொட்டியது. காரைக்கால்வரை கேட்டிருக்கும். அப்போதுதான் அந்தப் பூனை. சாம்பல் நிறம், ஒரு கண் கிடையாது. ஜீனத்துன்னிசா அதற்கு மீன் தலை போடுவார். அவர் போனபிறகு எங்கள் தெருப் பக்கமே வராமலிருந்த பூனை. எங்கிருந்தோ இறங்கி வந்து என் குதிகாலை ஒட்டி நடந்தது.

("கூடையில மீன் வச்சிருப்பாரு.")

கூடையில் என் வீட்டுக் கரண்ட் பில் மட்டும்தான் இருந்தது.

("அப்ப பூனையே வரல. போன்ல விழுந்துச்சா? காட்டுங்க பாக்கலாம்.")

போனில் என் இடுப்புக்கு மேலேதான் விழுந்திருந்தது. என் பெருமைக்கு எப்போதுமே சாட்சி அமைவதில்லை. மரீஹா என் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தாள், கீழே பார்க்கவில்லை.

"ஏன் அங்கிள் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க?"

"உங்கம்மா பாப்பாங்க."

"எதை?"

தெரியவில்லை என்றேன். என் ஜன்னலுக்குள் அவர் திரும்புவது மட்டும்தான் தெரியும். எதைப் பார்த்தார் என்பது ஜன்னல் சட்டத்துக்கு வெளியே.

மரீஹா போனைக் கீழே இறக்கினாள். ரொம்ப நேரம் தெருவின் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "நான்தான்" என்றாள். "நான் செவுத்துல கரியால கிறுக்கிக்கினு நின்னுடுவேன். அம்மா வெயிட் பண்ணுவாங்க."

(இங்கே ஒரு நீண்ட வாக்கியம் வைத்திருந்தேன்: 'தாய்மை என்பது...' வேண்டாம். அப்படித் தொடங்கும் வாக்கியம் எதுவும் நன்றாக முடிந்து நான் பார்த்ததில்லை.)

6.

படத்தில் அவள் என் தோளையும் கூடையையும் எடுத்துக்கொண்டாள். தொப்பையைத் தள்ளுபடி செய்தாள். கோணத்தை மட்டும் தன்னுடையதாக வைத்தாள்: பின்னாலிருந்து, ஒரு குழந்தையின் உயரத்தில். கறுப்பு புர்கா போகிறது. கூடையின் எடை இடது தோளில் தெரிகிறது. நிற்கிறது, திரும்புகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம். நாம் வருகிறோமா என்று பார்த்துவிட்டு மறுபடி நடக்கிறது. நாம் எவ்வளவு வேகமாகப் போனாலும் இடைவெளி குறையவில்லை.

கல்லூரியில் திரையிட்டார்கள். பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். விளக்கு போட்டதும் மரீஹா யாரையும் பார்க்காமல் அப்பாவின் வாயை மட்டும் பார்த்தாள். பாய் வாயைத் திறக்கவில்லை.

7.

முடிவு. கையில் மூன்று இருக்கிறது.

பாய் விம்மி அழுது, அரங்கமே எழுந்து நின்றது. (எனக்குப் பிடித்தது. பாய் கொன்றுவிடுவார்.)

பாய் ஒன்றும் சொல்லாமலேயே வீட்டுக்குப் போனார். மரீஹா இன்னும் காத்திருக்கிறாள்.

அரங்கைவிட்டு வெளியே வரும்போது பாய் வழக்கம்போல் முன்னால் போகவில்லை. மகளை முன்னால் விட்டு, அவள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார்.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஓய்வூதியக்காரனுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று எழுதி, இதுவரை உள்ளதை இன்று காலை கடையில் படித்துக் காட்டினேன். படிக்கும்போது மரீஹாவும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றாள். பேனாவை எடுத்து முதல் வரியின் மேல் வைத்து, "சரி பாய், உங்க ஆசைக்கு இந்தப் பூனையை அடிச்சிடறேன். மத்ததாவது நிக்கட்டும்" என்றேன்.

"அடிக்காதீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

"அது வந்துது முசியே. அன்னிக்கு நான் தலைய தூக்கல. இந்தக் குண்டான்ல தெரிஞ்சுது. நீங்க நடக்கறதும், பின்னாலியே அது வர்றதும். ஒரு பூனைக்குத் தெரிஞ்சுது, எனக்குத் தெரியலியேன்னுதான் வரலன்னு சொன்னேன்... உன் படத்தப் பாத்தப்புறம் இப்பத் தெரியுதும்மா. அவதான்."