ஏழாவது பெட்டி

அந்த நாட்டின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் இரு தரப்பு உறவு புண்பட்டுவிடும் என்கிறார்கள். பாவம், அந்த உறவுக்கு அவ்வளவு மெல்லிய தோல். எழுமலைக்காரி தமிழ்வாணிக்கும் அந்தப் பெயர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. "மச்சான் போயிருக்க ஊரு" என்றுதான் சொல்லுவாள். அங்கே மலைகளுக்குக் குறுக்கே நம் அரசாங்கம் தன் செலவில் மின்கோபுரங்கள் நட்டுக்கொண்டிருந்தது. நட்பின் அடையாளமாம். அவர்களுடைய கடற்கரையில் நமக்கு ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது, அதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு விளக்கேற்றிக் காட்ட வேண்டியிருந்தது. எழுமலையில் தினமும் நாலு மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த கோடையில்தான் அவள் புருஷன் அழகுராஜா அந்த நாட்டுக்குக் கரண்ட் கொடுக்கக் கோபுரம் ஏறினான்.

கோபுரம் ஏறுவதில் அவன் கெட்டிக்காரன். இடுப்பில் கயிற்றை மாட்டிவிட்டால் முந்நூறு அடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவான். தமிழ்வாணிக்கு அவன் சொந்த அத்தை மகன். அவளுடைய அப்பா காளை அவனுக்குத் தாய்மாமன். கல்யாணமான ஐந்தாம் மாதம், இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போனான். போன ஏழாம் மாதம், அவர்கள் தங்கியிருந்த முகாமைத் துப்பாக்கிக்காரக் கூட்டம் ஒன்று சூழ்ந்து, நம் ஆட்கள் ஏழு பேரை மலைக்குள் கொண்டுபோய்விட்டது.

அதற்கு அடுத்த வாரமே டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி எழுமலைக்கு வந்து இறங்கினார். பெயர் வெங்கடேஷ்பாபு. டெல்லியில் வேலை என்றாலும் பிறந்து வளர்ந்தது மதுரைதான், அப்பா அம்மா இன்னும் கே.கே. நகரில் இருக்கிறார்கள். ஊர்ப் பாஷையில் பேசத் தெரிந்தவர் என்பதற்காகவே அவரை அனுப்பியிருந்தார்கள். வந்தவர் நாற்காலி வேண்டாம் என்று பாயில் உட்கார்ந்தார், கொடுத்த மோரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அப்படிப்பட்ட மனிதரை நம்பாமல் யாரை நம்புவது?

"தங்கச்சி, ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்," என்றார். "டிவி, பேப்பர் எவன் வந்தாலும் வாயைத் தெறக்காதீங்க. நீங்க இங்க அழுதீங்கன்னா, அங்க அவங்களுக்கு மச்சானோட மதிப்பு கூடிப்போகும். அமைதியா இருந்தாத்தான் நாங்க பேசி எடுக்க முடியும்."

அவள் அமைதியாக இருந்தாள். மதுரையிலிருந்து கேமராவோடு வந்தவர்களைக் கதவைச் சாத்தி அனுப்பினாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் உட்காருவோம் என்று சொந்தக்காரர்கள் வேன் பிடித்து நின்றபோது, வேன் சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. வாரம் தவறாமல் ஆழ்ந்த கவலை தெரிவித்தது, நிலைமையை உன்னிப்பாகக் கவனித்தது. கவனிப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. அந்த நாட்டு அதிபர் துறைமுகத்துக்குக் கையெழுத்துப் போட டெல்லி வருவதாக முடிவாகி, வருவதற்கு இரண்டு வாரம் இருக்கையில், அவருடைய ராணுவம் திடீரென்று வீரம் வந்து மலைக்குள் புகுந்தது. மீட்கத்தான் போனார்களாம். கடும் சண்டையாம். ஏழு பேரும் இறந்துவிட்டார்கள் என்று அன்று சாயங்காலமே அறிவித்தார்கள். மூன்றாம் நாள் ஏழு பெட்டிகள் வந்தன. ஆறு பெட்டிகள் வேறு மாநிலங்களுக்குப் போயின. ஏழாவது பெட்டி மதுரை விமான நிலையத்துக்கு வந்தது.

சரக்கு வைக்கிற கட்டடத்தில் ஓர் அறை. அடையாளம் காட்ட இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்றார்கள். தமிழ்வாணியும் காளையும் உள்ளே போனார்கள். வெளியே மாலையும் கையுமாகக் கட்சிக்காரர்கள், தேசியக் கொடி, போலீஸ் பேண்டு. வெங்கடேஷ்பாபு தானே மூடியைத் தூக்கினார். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. உயரம் அவன் உயரந்தான், உடம்பும் கிட்டத்தட்ட அவன் உடம்புதான். தமிழ்வாணி அழத் தொடங்கியிருந்தாள். காளை மட்டும் குனிந்து, மிஞ்சியிருந்த இடது காதை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒரு தடவை தேய்த்தும் பார்த்தார்.

"இது எங்க பய இல்ல," என்றார்.

அவர்கள் வகையறாவில் காது குத்தாத ஆண்பிள்ளை கிடையாது. குலதெய்வத்துக்கு மொட்டை எடுத்து, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அழகுராஜா காளையின் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டான், கத்திக் கூப்பாடு போட்டு மாமன் வேட்டியையும் நனைத்தான். விவரம் தெரிந்த நாளிலிருந்து கடுக்கன் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. பெட்டியில் கிடந்தவனின் காது பிறந்தபடி இருந்தது, ஊசி பட்ட தடமே இல்லை.

தமிழ்வாணியும் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அழுகை நின்றுபோய், அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவன் உயிரோடு இருக்கிறான்! எவனோ ஒருவன் செத்துக் கிடக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"ஓட்டை தூர்ந்து போயிருக்கும்யா," என்றார் வெங்கடேஷ்பாபு.

"இருவத்தஞ்சு வருசத்து ஓட்டை எட்டு மாசத்துல தூந்துருமா சார்? யாருகிட்ட கதை விடுறீக?"

வெங்கடேஷ்பாபு கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவள் எதிரில் நின்று, குரலை இறக்கிப் பேசினார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும் தங்கச்சி. மச்சான் இன்னும் அவங்க கையிலதான் இருக்கார்னு வச்சுக்கங்க. இப்ப நீங்க வெளிய போயி இது அவர் இல்லைன்னு சொன்னா என்ன ஆகும்? ஏழு பேருன்னு அறிவிச்ச அதிபருக்கு அவமானம். இல்லைன்னு நிரூபிக்க மறுபடி ராணுவத்தை அனுப்புவாரு. போன தடவை போனப்ப ஆறு பேரு போயிட்டாங்க. இந்தத் தடவை இருக்கிறது ஒரே ஆளு."

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

"கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போங்க. எல்லாரும் மறந்துருவாங்க. யாரும் தேடாத ஆளை வச்சுச் சோறு போட அவங்களுக்கும் கிறுக்கா? நாங்க சத்தமில்லாம பேசி, சத்தமில்லாம கூட்டிட்டு வந்துருவோம். நான் பொறுப்பு."

அவர் பொய் சொன்னார் என்று சொல்லிவிட முடியாது. பேசிக்கொண்டிருந்த அந்த நிமிஷம் அவரே அதை நம்பினார். அந்த வேலைக்கு அப்படித்தான் பழக்குகிறார்கள்.

"போடாத ஆத்தா," என்றார் காளை. "மனசு ஒப்பல."

தமிழ்வாணி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். சடலத்தை நேரில் பார்த்தேன், என் கணவர்தான் என்று உறுதி கூறுகிறேன், பெற்றுக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்ததை எந்தப் பெண்ணுக்கும் விதிக்கக் கூடாது. உயிரோடு இருக்கிற புருஷனுக்கு அவள் தலைவிரித்து ஒப்பாரி வைக்க வேண்டியிருந்தது. ஊர் நம்ப வேண்டுமே! அண்ணன்தம்பிமார் கோடித்துணி கொண்டுவந்து போர்த்தினார்கள். தாலியைக் கழற்ற வந்த கிழவிகளிடம் கழுத்தை நீட்டிக்கொண்டு, மச்சான் நல்லா இருக்கணும், மச்சான் நல்லா இருக்கணும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரோ பெற்ற பிள்ளைக்கு எழுமலையில் இருபத்தொரு குண்டு போட்டு அடக்கம் நடந்தது. அவனைப் பெற்றவள் எந்த மலையடிவாரத்தில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, அவளைப் பற்றி இரு நாட்டுக்கும் கவலையில்லை.

அதிபர் வந்தார், கையெழுத்தானது, விருந்தும் நடந்தது. தமிழ்வாணிக்குக் கருணை அடிப்படையில் பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் வேலை கொடுத்தார்கள். வாங்காவிட்டால் சந்தேகம் வரும் என்று வெங்கடேஷ்பாபு சொன்னதால் வாங்கிக்கொண்டாள். முதல் மாதம் அவர் போனை எடுத்தார், பேச்சு நடக்கிறது என்றார். அடுத்த மாதம் கூட்டத்தில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினார். மூன்றாம் மாதம் செய்தியும் இல்லை. வெறுங்கழுத்தோடு அவள் ஒவ்வொரு போனையும் ஓடி ஓடி எடுத்தாள்.

நாலாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சமையலறையில் முட்டைகளைத் தண்ணீரில் போட்டு நல்லது கெட்டது பார்த்துக்கொண்டிருந்தபோது, நீளமான எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"வாணி."

அரிசி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குரல் கரகரத்துப் போயிருந்தது, ஆனாலும் அது அவன் குரல்தான்.

"மச்சான்! எங்கருந்து பேசுறீக? சாப்பிட்டீகளா?"

"நேரமில்ல புள்ள, கேளு. தப்பிச்சு வந்துட்டேன். பத்தொம்பது நாளு நடந்து, நம்ம தூதரகத்து வாசலுக்கே வந்துட்டேன். பேரைச் சொன்னேன். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, நீ செத்துட்டடாங்குறான். பொண்டாட்டியே பாத்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிருச்சு, அதுக்கு வேலையும் குடுத்தாச்சுங்குறான். அந்தக் கூட்டம் வேவு பாக்க அனுப்புன ஆளுன்னு என்னைய இந்த ஊரு போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துட்டாங்க. அந்தக் கூட்டத்து ஆளுன்னா இங்கன விசாரணையெல்லாம் கெடையாது வாணி, சுட்டுருவாங்க. ஒரு போலீஸ்காரன் எரக்கப்பட்டு போனைக் குடுத்திருக்கான்."

"நான் உடனே சார்கிட்ட..."

"இரு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நடந்து வந்த அம்புட்டு நாளும் ஒன்னைய நெனச்சுத்தேன் வந்தேன். மூஞ்சி சிதைஞ்சு கெடந்துச்சு, அடையாளம் தெரியாமப் போட்டுட்டேன்னு சொல்லு. ஏமாந்துட்டேன்னு சொல்லு. அம்புட்டுத்தேன், அது போதும் எனக்கு."

அவள் அவனிடம் பொய் சொல்லிப் பழகியதில்லை. கெட்டிக்காரத்தனமான பெண்ணாக இருந்திருந்தால் ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பாள்.

"இல்ல மச்சான், நீங்க இல்லேன்னு தெரியும். காதைப் பாத்தோம். தெரிஞ்சுதேன் போட்டேன், அந்த ஆபீசரு உங்கள உசுரோட..."

எந்த வார்த்தையில் இணைப்பு அறுந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட்டால் ஒரு பெண்குரல் புரியாத பாஷையில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. அவன் எதுவரை கேட்டான்? தெரிஞ்சுதேன் போட்டேன் என்பதோடு நின்றுவிட்டதா? உலையை அப்படியே விட்டுவிட்டு அப்பாவைத் தேடி ஓடினாள்.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வெங்கடேஷ்பாபு விடுப்பில் மதுரைக்கு வந்திருக்கிறார் என்று எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். மத்தியானம் கே.கே. நகர் வீட்டு வாசலில் அப்பனும் மகளும் நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். உள்ளே போய் அரைமணி நேரம் போனில் பேசினார். காளை தரையில் உட்கார்ந்து அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவரிடம் தமிழ்வாணி சொன்னாள்: "நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு எழுதித் தாரேன் சார். கோர்ட்ல வந்து சொல்றேன், என்னைய உள்ள தூக்கிப் போடுங்க. புதைச்சதைத் தோண்டிக்கூடப் பாத்துக்கங்க. அவரை மட்டும் கூட்டிட்டு வந்துருங்க."

"அவசரப்படாதீங்க. அடுத்த வாரம் அந்தத் துறைமுகத்துக்கு முதல் கப்பல் போகுது, இந்த நேரத்துல தோண்டுறது, கோர்ட்டு எல்லாம் வேண்டாம்," என்றார். "ஆனா நான் சும்மா விடல. தூதரகத்துலருந்து ஒரு ஆளை நேர்லயே போயிப் பாக்கச் சொல்லியிருக்கேன். நான்தான் அழகுராஜான்னு அவர் வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மேல எழுதி வெளிய எடுத்துறலாம். வியாழக்கிழமை வாங்க."

"நான் எதுக்காகப் போட்டேன்னு அவருகிட்ட சொல்லச் சொல்லுங்க சார். அதை மட்டும் மறக்காம."

"சொல்லச் சொல்றேன்."

இடையில் இருந்த ஒரு நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்கவே வேண்டாம். பீரோவிலிருந்து தாலிக்கொடியை எடுத்தாள், கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் காளையோடு மதுரைக்கு வந்தாள்.

வெங்கடேஷ்பாபு அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கண்ணில் கட்டோடு அவர் அம்மா ஓர் ஓரமாகப் படுத்திருந்தார்.

"போய்ப் பாத்தாங்கம்மா," என்றார். "முறைப்படி எல்லாம் கேட்டிருக்காங்க. நீ அழகுராஜாவான்னு கேட்டதுக்கு, அழகுராஜா செத்துட்டான், அவன் பொண்டாட்டியே பாத்துச் சொல்லிட்டாள்லன்னு சொல்லியிருக்காரு. பொண்டாட்டிகிட்ட பேசுறியா, போன் போட்டுத் தரவான்னும் கேட்டிருக்காங்க. எனக்குப் பொண்டாட்டி யாரும் இல்லைன்னுட்டாராம். வாக்குமூலத்துல பெருவிரல் ரேகையும் வச்சுக் குடுத்துட்டாரு."

"நான் எதுக்குப் போட்டேன்னு சொன்னாங்களா சார்?"

அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "அதெல்லாம் வாக்குமூலத்துல எழுதுற விஷயம் இல்லம்மா."

காளை எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தமிழ்வாணி அழவில்லை. அழுதால் காது கேட்காமல் போய்விடும் என்பதுபோல் அவர் வாயையே பார்த்தாள்.

"அந்த ஆளை இனி என்ன செய்வாங்க சார்?"

"நம்ம நாட்டு ஆள் இல்லைன்னு ஆயிருச்சேம்மா. அது அவங்க உள்நாட்டு விவகாரம். அதுல நாம தலையிடுறது இல்ல."

பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் யோசித்தார், புரிந்துவிட்டதுபோல் தலையாட்டினார்.

"பயப்படாதீங்க தங்கச்சி," என்றார், நிஜமான அக்கறையோடு. "உங்க கையெழுத்து செல்லும். உங்க மேல எந்தக் கேசும் வராது."