தோள் பதிமூன்று

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது சிவப்பு அட்டை போட்ட ஆல்பம். தாம்பாளம் அகலத்துக்கு இருந்தது. நடுவில் மூன்று இரும்பு வளையங்கள்.

"புதுசா படம் ஒட்டி ஸ்கிராப்புக் ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதாம்மா சௌகரியம். பக்கத்தை எப்ப வேணா கழட்டலாம், மாட்டலாம்."

டெய்லரக்கா வளையத்தை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். எலிப்பொறி மாதிரி டப்பென்று சாத்திக்கொண்டது. இரும்பு ஆகாது என்று ஒதுக்கி வைத்தாள்.

கடைக்காரர் சளைக்கவில்லை. ஆரம்பக்காரர்கள் என்றால் அவருக்கு ஒரு தனிப் பிரியம். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், ஃபோட்டோவைப் பழுப்பாக்காத பசை, மூலைகளில் மாட்டுகிற குட்டி முக்கோணங்கள், மின்னுகிற தூள், எழுத்து எழுத்தாக உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் என்று மேஜையை நிரப்பிவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றாக அவள் திருப்பி வைத்தாள். பசை கூடாது. ஸ்டிக்கர் கூடாது. தூள் கூடவே கூடாது. கெட்டி அட்டையும் கூடாது.

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாருக்கும்மா இது? கைக்குழந்தைக்கா? வாயில போட்டுக்கும்னு பயமா?"

"தம்பிக்கு."

"தம்பிக்கு என்ன வயசு?"

"முப்பத்தொம்பது."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தம்பி இருக்கும் இடத்தில் ஒரு ஊக்கு உள்ளே போக வேண்டும் என்றாலும் மூன்று கையெழுத்து வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கைகலப்பு. இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். தம்பி எழுந்தான், மற்றவன் எழுந்திருக்கவில்லை. அப்போது தம்பியின் பெண்ணுக்கு ஒரு வயது. பிள்ளையைப் பெற்றவள் அடுத்த வருஷமே வேறு வாழ்க்கை தேடிப் போய்விட்டாள். குழந்தை டெய்லரக்காவின் தையல் மிஷினுக்கு அடியில், வெட்டுத் துணிக் குவியலில் தவழ்ந்து வளர்ந்தது. "அவளை இங்கே கூட்டிட்டு வராதே. படமும் காட்டாதே. தாங்க மாட்டேன்" என்று தம்பி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டான். அவளும் அதைக் கட்டிக் காத்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் கடைசி மேல்முறையீடும் தள்ளுபடி ஆனது. அன்றோடு தம்பி சந்திப்பு ஜன்னலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அவள் எழுதிய கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. போன வாரம் வாசல் காவலர் ஒரு செய்தி சொன்னார். வெள்ளிக்கிழமை அவனை வேறு சிறைக்கு மாற்றுகிறார்கள். இரண்டு நாள் ரயில் பயணம். அங்கே வெளியிலிருந்து எந்தப் பொருளும் உள்ளே போகாது.

இன்று புதன். கையில் இருப்பது நாளை ஒரு சந்திப்பு மட்டும்.

கடிதம் என்றால் படிக்க மாட்டான். படம் என்றால்? கண்ணில் பட்டுவிட்டாலே போதுமே. பதினோரு வருஷத்துப் பெண்ணை ஒரே மூச்சில் பார்த்துவிட்டால் எந்த அப்பன் ஜன்னலுக்கு வராமல் இருப்பான்? ஒரு வாடிக்கையாளர் தன் மகளின் ஸ்கிராப்புக்குக்குத் துணி உறை தைக்கக் கொடுத்துவிட்டுப் போன அன்று உதித்த யோசனை இது.

காவலரைக் கேட்டிருந்தாள். மூக்கில் தடித்த கண்ணாடி, ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம், கோபப்படத் தெரியாத மனுஷர். விதியை ஒப்பித்தார். இரும்பு, பசை, கெட்டி அட்டை, ஸ்டிக்கர் எதுவும் கூடாது. எவனோ ஸ்டிக்கருக்கு அடியில் எதையோ வைத்து அனுப்பியதிலிருந்து வந்த விதி. நூல் பரவாயில்லை. புத்தகத்தோடு இருக்கும் படம் புத்தகக் கணக்கு. "ஆனா ஒண்ணும்மா, ஒரு படம் கழண்டு விழுந்தாலும் அது உதிரி ஃபோட்டோ. உதிரின்னா ஒரு வாரம் முன்னாடி மனு போடணும்."

ஆக, கழன்று விழக் கூடாது. அவள் கவலையெல்லாம் அந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நின்றது.

கடைக்காரர் கடைசியில் மேஜையைக் காலி செய்துவிட்டு, தடித்த வெள்ளைத் தாள் பதினாறு கொண்ட ஒரு கட்டும், மங்காத கறுப்புப் பேனா ஒன்றும் மட்டும் வைத்தார். இவ்வளவு ஏழையான ஸ்கிராப்புக்கை அவர் விற்றதில்லை போலும். மனசு கேட்காமல் ஒரு வழி சொன்னார். தாளில் நாலு கீறல் போட்டு, படத்தின் நாலு மூலையையும் சொருகிவிடலாம், பசையே வேண்டாம் என்றார்.

"சொருகினா கழண்டுக்கும். நான் தைச்சுடறேன்."

"தைக்கலாம். ஆனா தையலை நீள நீளமா போடுங்கம்மா. பேப்பர் பாருங்க."

டெய்லரக்கா சிரித்துக்கொண்டாள். முப்பது வருஷமாக மிஷின் மிதிக்கிறவளுக்குப் பேனா விற்கிறவர் தையல் சொல்லித் தருகிறார். அவள் தைத்த சட்டை கிழிந்திருக்கிறது, சாயம் போயிருக்கிறது, தையல் பிரிந்ததாக ஒருத்தர் வந்து நின்றதில்லை. நீளத் தையல் என்பது தற்காலிகமாக ஓட்டி வைப்பதற்கு. நிற்க வேண்டிய இடத்தில் பொடித் தையல்தான் போட வேண்டும். இது அவள் தொழிலின் பாலபாடம்.

அன்று சாயங்காலம் வெட்டு மேஜையில் பதினோரு படங்களைப் பரப்பினார்கள். பன்னிரண்டு வயது மருமகள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள். முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிற ஏழு வயதுப் படத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"அத்தை, இதை வெச்சா அவர் இன்னும் தூரமான ஜெயிலுக்கு மாத்துங்கன்னு மனு போடுவார்."

"வாயைப் பாரு. அப்பான்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"பார்த்ததே இல்லையே."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? கவிதை எழுதத் தெரியாது. புத்திமதி எழுதினால் திரும்பி வந்துவிடும். அலமாரியிலிருந்து தன் அளவு நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கவுன் தைக்க எடுத்த அளவு அதில் தேதியோடு இருந்தது. அதையே எழுதினாள். இரண்டு வயது: தோள் எட்டு, கை ஏழு. அடுத்த வருஷம் தோள் எட்டரை. அப்படியே பக்கத்துக்குப் பக்கம் ஏறி, கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு வயது: தோள் பதிமூன்று. ஒரு பிள்ளை வளர்ந்த கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியிருக்க முடியாது.

பிறகு மிஷினில் உட்கார்ந்தாள். தையல் அளவுக் குமிழை ஆகச் சின்ன எண்ணுக்குத் திருகினாள். ஒவ்வொரு படத்தையும் தாளின் நடுவில் வைத்து நாலு ஓரமும் ஓட்டினாள். மனசு ஆறாமல் உள்பக்கம் இன்னொரு வரிசையும் ஓட்டினாள். மிஷின் ஊசி தாளில் இறங்கும்போது துணியில் வராத ஒரு சத்தம் வந்தது, பொரி மெல்லுகிற மாதிரி. முன்னும் பின்னும் வெறுந்தாள் வைத்து, முதுகுப் பக்கம் மட்டும் கையூசியால் குத்தித் தடித்த நூலில் நீளமாகக் கட்டினாள். அவ்வளவு தாளை மிஷின் விழுங்காது.

படத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். ஊகூம். மயிரிழை அசையவில்லை. புத்தகத்தை மூடியபோது உள்ளே எங்கோ லேசாகச் சரசரத்தது. புதுத்தாள் அப்படித்தான் பேசும் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் துணிப்பையில் போட்டாள்.

மறுநாள் மூன்றேகால் மணிக்குச் சோதனை மேஜையில் அவள் முறை வந்தது. காலரில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

கண்ணாடிக் காவலர் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தார். இரண்டு வயதுக் குழந்தை அவரைப் பார்த்துக் கையை நீட்டியது. "தம்பி ஜாடை" என்றார். அளவுகளைப் படித்தார். தடவிப் பார்த்தார். இரும்பு இல்லை, பசை இல்லை. அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. டெய்லரக்காவுக்கு மூன்று மாதத்தில் முதல் முறையாக மூச்சு முழுசாக இறங்கியது.

"ஒரு சம்பிரதாயம்மா" என்றபடி அவர் புத்தகத்தைப் பின்பக்கமாக வளைத்தார். தாளுக்குள் தாள் ஒட்டி எதையாவது ஒளித்திருக்கிறார்களா என்று பார்க்க ஒவ்வொரு புத்தகத்தையும் வளைப்பார்கள். பிறகு முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுவார்கள்.

வளைத்தபோது சரசரவென்று கேட்டது. நேற்றுக் கேட்ட அதே சத்தம்.

உதறியபோது ஏழு வயது முதலில் விழுந்தது. முன்பல் இல்லாத சிரிப்போடு, நாலு பக்கமும் நேராக, தபால்தலை கிழித்த மாதிரி. அடுத்து நாலு வயது. அடுத்து பத்து. அவர் பயந்துபோய் உதறுவதை நிறுத்தினார். நிறுத்தியும் இரண்டு விழுந்தன. மீதி தாளில் ஒரு ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கை பட்டதும் அவையும் வந்துவிட்டன.

டெய்லரக்கா ஒரு படத்தை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் அவளுடைய இரட்டை வரிசைப் பொடித் தையல் ஒரு கண்ணி விடாமல் அப்படியே இருந்தது. படத்தின் முதுகில் சதுரமாகத் தாளும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. தையல் பிரியவில்லை. அத்தனை துளைக்கு அத்தனை பலம் போய், தாள்தான் கிழிந்திருந்தது. முப்பது வருஷத்தில் அவள் காகிதம் தைத்ததில்லை. துணியில் நூலுக்கு வழிவிட்டு இழை விலகும். காகிதத்தில் விலகுவதற்கு என்ன இருக்கிறது?

"அம்மா, இது உதிரி ஆயிடுச்சே" என்றார் காவலர். குற்றம் செய்தவர் குரல் அது.

"ஒரு ஊசி கிடைச்சா பத்து நிமிஷத்துல கையால தைச்சுடுவேங்க."

"ஊசியா? இங்கேயா?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெளியே போய்த் தைத்துக்கொண்டு வரலாம். ஆனால் வரிசை மூன்றரைக்கு மூடிவிடும், மணி அப்போதே மூன்று இருபது. பக்கத்துத் தெருவில்கூட நூல் கடை கிடையாது. காவலர் மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே அவருக்கு மேலே இருப்பவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். காவலர் படங்களை அடுக்கி அவள் பக்கம் நகர்த்தினார்.

"புத்தகத்தை வேணா உள்ளே தர்றேன். வெறும் பேப்பர்தானே, விதியில இடமிருக்கு."

வெறும் பேப்பர். பதினோரு சதுர ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே தோள் இவ்வளவு, கை இவ்வளவு. முதுகில் போட்ட நீளத் தையல் மட்டும் சிங்கம் மாதிரி நின்றது. கொடுப்பதா, வேண்டாமா? அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்ய?

சந்திப்பு ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. அக்கம்பக்கத்து ஜன்னல்களில் வீட்டு ஓட்டு மாற்றியது, பரீட்சை முடிவு, பல்வலி எல்லாம் பேசி முடித்தார்கள். நாலு மணிக்கு மணி அடித்தது. ஸ்டூல்கள் இழுபட்டன. அவளுக்கு எதிரே இருந்த ஸ்டூல் இழுபடவே இல்லை.

காவலர் வெறுங்கையோடு வந்தார்.

"புஸ்தகத்தை வாங்கிக்கிட்டாரும்மா. வரலைன்னுட்டார்."

"திறந்து பார்த்தானா?"

"பார்த்தார். பக்கம் பக்கமா பார்த்தார். ஓட்டைக்குள்ள விரலை விட்டு அந்த ஓரத்தைத் தடவிக்கிட்டே இருந்தார்." காவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு கேட்டார். கடைசிப் பக்கத்துல தோள் பதிமூணுன்னு போட்டிருக்கே, நிஜமாவான்னு."

டெய்லரக்கா எழுந்துவிட்டாள். "நிஜம்தான்னு சொல்லுங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"மணி அடிச்சாச்சேம்மா. உள்கதவைப் பூட்டிட்டாங்க. எனக்கும் இனிமே காலையிலதான். விடியறதுக்கு முன்னாடி வண்டி கிளம்பிடும்."

கடிதம் எழுதலாம். பிரிக்காமல் திரும்பி வருவதற்கு இந்த முறை நாலு நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் வாசற்படியில் நின்றாள். வந்தாரா என்று கேட்டாள். வரவில்லை, புத்தகத்தை மட்டும் வாங்கிப் பார்த்தாராம் என்றதும், தெரியும் என்பது போலத் தோளைக் குலுக்கினாள். அத்தை பையிலிருந்து படக்கட்டை எடுத்து மேஜையில் வைத்ததும் குரல் மாறியது.

"இதெல்லாம் ஏன் இங்கே இருக்கு? அப்ப எதைத்தான் பார்த்தார்?"

"அளவைப் பார்த்தார். தோள் பதிமூணான்னு கேட்டாராம்."

அவள் ஏழு வயதுப் படத்தை எடுத்து ஓரத்து நூலை வருடினாள்.

"அது போன பிறந்தநாள் அளவு அத்தை. இப்ப பதிமூணரை. போன மாசம் யூனிஃபார்முக்கு நீதானே எடுத்தே."

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடையில் வாங்கிய தாள்கட்டில் மிச்சம் மூன்று இருந்தது. டெய்லரக்கா மிஷினில் உட்கார்ந்து குமிழை ஆகப் பெரிய எண்ணுக்குத் திருகினாள். மேலே கிடந்த பன்னிரண்டு வயதுப் படத்தைப் புதுத்தாளில் வைத்து, பழைய துளைகளுக்கு வெளியே ஒரே வரிசை ஓட்டினாள். ஓரத்துக்கு இருபது இருபத்தைந்து தையல்தான் விழுந்தது. தாளைப் பின்பக்கமாக வளைத்தாள். தலைகீழாகப் பிடித்து உதறினாள். இன்னும் பலமாக, கை வலிக்கிற வரைக்கும் உதறினாள்.

விழவில்லை.