தண்ணீர் கேட்காத உருப்படி

ஆலங்குடி பெலிக்ஸ் தனியாக உட்கார்ந்து வயலின் வாசித்தால் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறி வந்து கேட்கும். சின்ன உருப்படிக்கு எட்டு அடி, விரிவான ராகத்துக்கு இருபது அடி, மாதா பாட்டுக்குக் கோடையில் ஆறு, மழைக்காலத்தில் ஒன்பது. வாசிப்பு முடிந்ததும் இறங்கிவிடும். துபாய் ஓட்டல் ஒன்றில் பதினோரு வருஷம் வாசித்தவர்தான். அங்கே கிணறு இல்லாததால் அவருக்கே இது தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு தெரிந்தது. தெரிந்த பிறகு தோட்டக்காரர்கள் விடுவார்களா? திருமயம் வரைக்கும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் உட்காரவைத்து, ஏறிவந்த தண்ணீரைச் சத்தமில்லாமல் மொண்டு மிளகாய்க் கன்றுக்கு ஊற்றினார்கள். ஏழு வருஷம் இப்படி ஓடியது. ஆனால் தண்ணீருக்கு இரண்டு குணம் உண்டு. வேறு சத்தம் கேட்டால் கோபித்துக்கொண்டு இறங்கிவிடும். ஒரு தடவை கேட்டதை மறு தடவை கேட்க வராது. பூமிக்குள் எல்லாம் ஒரே ஊற்று என்பதால் ஒரு கிணறு கேட்டதை எல்லாக் கிணறும் கேட்டதாகத்தான் கணக்கு. ராகத்தை மாற்றி, காலத்தைக் கூட்டி வாசித்தாலும் அது ஏமாறவில்லை. கடைசியில் பெலிக்ஸிடம் பூமி கேட்காதது ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மகள் இனியாவின் கல்யாணத்தன்று வாசிக்க அவரே கட்டிவைத்த அரைமணி நேர உருப்படி அது.

போன சித்திரையில், அரிமளத்துக்குத் தெற்கே எழுபது அடிக் கிணறு ஒன்றில் தூர் வார இறங்கிய மலையாண்டி உள்ளே மாட்டிக்கொண்டார். இருபது வருஷமாகக் கிணற்றுக்குள்ளேயே கிடந்தவர். ஆனைக்கும் அடி சறுக்கும் அல்லவா? பக்கச்சுவர்க் கல் சரிந்து, ஏணியை முறித்து, அவர் இடது காலையும் முறித்தது. இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில், சேறு அள்ளக் கொண்டுபோன பிளாஸ்டிக் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்தார்கள். கயிறோ ஏணியோ சுவரில் பட்டாலும், நாலு பேர் விளிம்பில் நின்றாலும் மொத்தமும் உள்ளே போகும் என்றார்கள். திருச்சியிலிருந்து மிஷின் வர சாயங்காலம் ஆகுமாம்.

“சாயங்காலம் வரைக்கும் செவரு நிக்குமாங்க?” என்று மலையாண்டியின் மனைவி செவந்தி கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு கல் விழுந்தது. செவந்தியே போனை எடுத்து பெலிக்ஸைக் கூப்பிட்டாள். வயலின் என்றால் பூனை வாலை மிதித்த சத்தம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள்தான். ஆபத்துக்குப் பாவமில்லை.

பெலிக்ஸ் பைக்கில் முக்கால் மணி நேரத்தில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்துகொண்டே, “ஒண்ணுதான் இருக்கு தாயி. அது பத்தலைன்னா எங்கிட்ட வேற கெடையாது” என்றார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். அன்றைக்கு மூடிக் காட்டினார்கள். செல்போன்களையெல்லாம் ஒரு கூடையில் வாங்கி வைக்கோல் போருக்குள் செருகினார்கள். ஆடுகளை மேற்கே ஓட்டினார்கள். டவுன் பஸ்ஸை ரோட்டிலேயே மறித்து நிறுத்தினார்கள். இருமல்காரர் அய்யாக்கண்ணு தானாகவே எழுந்து அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். விளிம்பில் ஒரு பழைய கதவைக் கிடத்தி, எடை குறைந்தவள் என்று செவந்தியை மட்டும் அதன்மேல் குப்புறப் படுக்கவைத்தார்கள். ஆள் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்ததும் அவள் கையைத் தூக்க வேண்டும். விளிம்பை விட்டு விலகி நிற்கும் நாலு பேர் தென்னங்கட்டையைக் குறுக்கே தள்ளி அவரை இழுக்க வேண்டும்.

பெலிக்ஸ் வில்லை வைத்தார். முதல் சுரம் கொசு ரீங்காரம் போல மெல்லிசாக வந்தது. கீழே கறுப்பாக ஏதோ அசைந்தது. இரண்டு தந்தியைச் சேர்த்து இழுத்ததும் தண்ணீர் மலையாண்டியின் நெஞ்சுக்கு வந்து, குடம் அவரைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. செவந்திக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவளைப் போலக் கேட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. வில் மேலே போகும்போது புருஷன் ஏறினார். வில் திரும்புகிற இடத்தில் நின்றார். போகப் போக அடுத்த சுரம் எங்கே விழும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. பெலிக்ஸின் விரல்கள் சோளப்பொரி வெடிப்பது போலத் துள்ளின. ஒரே ஆள் நாலு பேராக வாசித்தார். சுவர்க் கற்களைத் தண்ணீர் ஒன்றொன்றாக மூடிக்கொண்டு வந்தது. ஐம்பது அடி, நாற்பது, இருபத்தைந்து. அடேயப்பா, இதையா பூனை என்றோம் என்று அவளுக்கு அழுகை வந்தது. சேறு அப்பிய மலையாண்டியின் முகம் வெயிலுக்கு வந்தது. பத்தடிதான் பாக்கி. அவர் அண்ணாந்து பார்த்து அவளைக் கண்டு சிரித்தார்.

அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கண்மாய்க்கு முதல் தண்ணீர் வரும்போது குலவை போடுவது வழக்கம். தண்ணீர் வருகிறது என்று கண்டால் நாக்கு தானாகச் சுழலும், யாரையும் கேட்காது. எந்த விசேஷத்துக்கும் குலவைக்குச் செவந்தியைத்தான் முன்னால் நிறுத்துவார்கள்; அவள் போட்டால் அடுத்த ஊருக்குக் கேட்கும். ஏறிவரும் தண்ணீரையும் அதன்மேல் தன் புருஷனையும் பார்த்தவள், ஊரே அவளுக்காக வாயை அடக்கி நிற்கும்போது, வாயைத் திறந்து குலவை போட்டுவிட்டாள்.

தண்ணீர் நின்றது. பிறகு விறுவிறுவென்று இறங்கியது. மலையாண்டியின் முகம் இருட்டுக்குள் சுருங்கிக்கொண்டே போனது. பெலிக்ஸின் வில் நின்றுவிட்டது. வாசித்தவரைக்கும் பூமி கேட்டாகிவிட்டது. மிச்சமிருந்த நாலு வரி முடிப்பு எதற்குக் காணும்? செவந்தி தலையில் அடித்துக்கொள்ளக்கூடப் பயந்து, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு படுத்திருந்தாள். தன் வாயாலேயே தாலியைக் கொடுத்தோமே என்பது ஒன்றுதான் அவள் மனசில் ஓடியது.

பெலிக்ஸ் அவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் சாய்ந்து, மெல்லிய தந்தியில் விரலை ஒடுக்கி, செவந்தியின் குலவையை அப்படியே வாசித்தார். அவள் நாக்குச் சுழற்சி, நடுவில் அவள் மூச்சு வாங்குகிற இடம், கடைசியில் அவள் தூக்கி விடுகிற தூக்கல், எதுவும் தப்பவில்லை. பெண்கள் வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்ட தண்ணீர்தான். தந்தியிலிருந்து அதைக் கேட்டதில்லை. இறங்கியது தயங்கி நின்றது. பிறகு பால் பொங்குவது போலப் பொங்கி வந்தது. ஒரே மூச்சில் விளிம்பைத் தொட்டது. செவந்தி கையைத் தூக்கினாள், தென்னங்கட்டை குறுக்கே போனது, குடத்தோடு சேர்த்து ஆளை இழுத்துப் போட்டார்கள். அவளையும் கதவோடு இழுத்தார்கள். வில்லை எடுத்த மறு நிமிஷம் கிணறு மொத்தமாக உள்ளே இடிந்து, செம்மண் பள்ளமாக மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு செவந்திக்குக் குலவை வரவில்லை. ஆவணியில் நாத்தனார் மகள் புவனேஸ்வரியின் கல்யாணத்தில் முன்னால் நிறுத்தினார்கள். வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. புதுக்கோட்டையில் டாக்டரிடம் காட்டினார்கள். தொண்டையில் ஒன்றுமில்லை என்றார். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த காலையில், மூடிப்போன கிணற்று மண்ணுக்கு அடியிலிருந்து குலவை கேட்டது. அவள் குரல்தான், கொஞ்சம் தந்தி வாசனையோடு. இப்போது கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால் பெண்கள் அந்தப் பள்ளத்துக்கருகே போய் நிற்கிறார்கள். மண் ஆரம்பித்த பிறகு இவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள்.

குலவை கேட்ட முதல் நாள் மலையாண்டி தாங்குகட்டையை ஊன்றிக்கொண்டு போய் வெகுநேரம் கேட்டார். “ஒன் சத்தந்தாண்டி” என்றார்.

“அது அங்கிட்டுக் கெடந்தாக் கெடக்கட்டும்” என்றாள் செவந்தி. “நீங்க இங்கிட்டு நிக்கிறீங்கள்ல.”