பறித்துப் போட்ட முயல்செவி

பொன்முடி எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் ஒரு சட்டம் உண்டு. வீட்டில் ஒருத்தர் பேராவது வேலைப் பதிவில் இருக்க வேண்டும். பேர் போனால் வீடும் போச்சு. ராகேலுக்கு வயசு முடிந்து அந்தச் சனிக்கிழமையோடு வேலை தீர்ந்தது. புருஷன் தாசையன் முதுகு ஒடிந்து கட்டிலோடு கிடக்கிறார். மூத்தவன் ஷிபு மகா கெட்டிக்காரன். துபாய்க்குப் போனான், கிறிஸ்மஸுக்கு ஒரு போன் வரும், அத்தோடு சரி. மிச்சம் யார்? மகள் நீதுதான்.

நீது தாவரவியல் படித்தவள். மலைக்குக் கீழே கரமனையில் ஒரு நர்சரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அம்மா இடத்தில் பேர் பதிய வரும்படி சூப்பர்வைசர் கிரீஷ் சொன்னதும் அதே திங்கட்கிழமைதான். நல்ல கூத்து! கரமனைக்குப் போனால் அப்பாவைக் கட்டிலோடு தூக்கி ரோட்டில் வைக்க வேண்டும். இங்கே பதிந்தால் கிழவியாகும்வரை கொழுந்து கிள்ள வேண்டும். அப்புறம் தன் மகளையும் இதே பதிவில் சேர்க்க வேண்டும். போ என்றோ இரு என்றோ வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். யாராவது கட்டிப் போட்டிருந்தால் அறுத்துக்கொண்டாவது ஓடியிருப்பாள். கடைசியில் பதிந்து தொலைக்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அம்மாவும் மகளும் தேயிலை ஓரமாக வந்தார்கள். ராகேல் சட்டென்று நின்றாள். போன வாரம் அவள் கையால் வேரோடு பறித்து, தேயிலைச் செடியடியில் போட்டிருந்த முயல்செவிக் களை. அன்றைக்கு ஊதாப் பூவாக இருந்தது இப்போது தலை நிறைய வெள்ளைப் பஞ்சாகக் கிடந்தது. ராகேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. களை பறிப்பதில் அவளை யாரும் குறை சொன்னதில்லை.

"வேரோடல்லா பறிச்சேன்? பொறவு எப்படி வெதச்சு?"

"பூத்த பொறவு பறிச்சா பிரயோஜனமில்லம்மா. தண்டுல மிச்சம் கெடக்கத வச்சே வெதைய முத்த வச்சிரும்."

"வேரு இல்லாமலா?"

"வேரு இல்லாமத்தான்."

ராகேல் ஒரு தண்டை எடுத்து ஊதிப் பார்த்தாள். பஞ்சு அசையவே இல்லை. இந்த மலையில் மூடுபனிக்கா பஞ்சம்? ஈரம் பட்டால் பஞ்சு சுருங்கிக்கொள்ளும், காய்ந்த வெயில் வேண்டும் என்றாள் நீது. அதோடு விட்டாளா? பறந்தாலும் முக்கால்வாசி விதை தாய்ச்செடியின் காலடியில்தான் விழும் என்று, அம்மாவுக்கு உறைக்கட்டும் என்றே சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் அதிசயமாக வெயில் அடித்தது. எஸ்டேட் ஆபீசில் கிரீஷ் பேனாவைத் திறந்தான். அப்போது ராகேல் குறுக்கே கையை வைத்தாள்.

"எம் மக பேரு எழுதாண்டாம் சாரே. ஒரு மாசம் தாங்க, வீட்ட ஒழிஞ்சு தாறோம்."

உனக்குப் பைத்தியமா என்று கேட்டான் கிரீஷ். பாறசாலையில் தங்கச்சி வீட்டுப் பின்னால் ஒரு சாய்ப்பு கிடக்கிறது, அது போதும் என்றாள் ராகேல். ஆடு கட்டுகிற கொட்டகை அது. நீதுவுக்குத் தெரியும். அம்மாவை வெளியே இழுத்து வந்து கத்தினாள், அழுதாள். அப்பாவை அதிலேயா கிடத்துவாய் என்று கேட்டாள். ராகேல் அசைந்து கொடுக்கவில்லை. நீதுவின் பையைக் கட்டி விடியுமுன்பே பஸ் நிற்கிற கடையில் கொண்டு வைத்திருந்தாள், கள்ளி.

"நீதான மக்ளே சொன்ன, பறிச்சுப் போட்டாலும் தண்டுல இருக்கது போதும்னு? வெயில் அடிக்கி. போ."

பஸ் வந்தது. அதை விட்டால் அடுத்தது சாயந்திரம்தான். ராகேல் அவளை முதுகில் கைவைத்து ஏற்றினாள். முதல் வளைவு திரும்பும்போது அம்மா தெரிந்தாள். அடுத்த வளைவில் இல்லை. நீதுவுக்கு இறங்கவும் முடியவில்லை, சீட்டில் இருக்கவும் முடியவில்லை. இத்தனை நாள் மலைதான் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தாள். இப்போது மலை விட்டுவிட்டது, நெஞ்சில் இருந்த பிடி மட்டும் விடவில்லை.

விதை போன பிறகு அந்தத் தண்டு என்னாகும் என்று நேற்று அவள் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? காய்ந்த தண்டை அள்ளிக் குப்பையில் போடுவது இத்தனை வருஷமும் அம்மாவின் வேலைதானே.