நதியில் திரும்பிய தம்பி

பழைய இஸ்லாமியப் பேரரசுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால், எழுச்சிக்கு இருபது நிமிடம், சாதனைகளுக்கு முப்பத்தைந்து நிமிடம், வீழ்ச்சிக்கு ஐந்து நிமிடம் என்று பிரித்துக்கொள்வேன். அந்த ஐந்து நிமிடத்திலும் பாதி, தேநீர் தயார் என்ற அறிவிப்பில் போய்விடும். வீழ்ச்சியைக் கேட்க யார் ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வருவார்கள்?

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், நோபல் பார்க் என்ற புறநகரில் ஈஸ்வரமூர்த்தி மாதம் ஒரு தடவை நடத்தும் பேச்சுக் கூட்டத்தில் எனக்கு நல்ல பெயர். "நஜிமுதீன் கதைச்சா எங்களை பக்தாத்துக்கே கூட்டிக்கொண்டு போயிடுவார்" என்று அவர் அறிமுகம் செய்யும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வயிற்றுப்பாட்டுக்கு நான் மொழிபெயர்ப்பாளன். ஆஸ்பத்திரி, கோர்ட், குடிவரவு அலுவலகம் என்று தமிழ் தேவைப்படும் இடமெல்லாம் போய் அடுத்தவருக்கு வாயாக இருப்பது என் தொழில். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த விதியை நான் மீறியது ஒரே ஒரு தடவை. அதுவும் என் சொந்தத் தம்பி விஷயத்தில்.

2012இல் படகில் வந்து இறங்கிய முனவ்வர் தடுப்பு முகாமிலிருந்து எனக்குப் போன் எடுத்தான். மறுநாள் முதல் விசாரணை. அண்ணனை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். "என்ன சொல்லட்டும், நானா?" என்று கேட்டான். இலங்கையில் எங்கள் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் ஒரு பையனை அடித்தே கொன்றார்கள். அதைக் கண்ணால் கண்ட சாட்சி அவன். சாட்சி சொன்னால் நீயும் இருக்க மாட்டாய் என்று மிரட்டினார்கள். ஆறு வயது மகளையும் மனைவியையும் விட்டுவிட்டு ஓடி வந்தான்.

நானோ இந்த நாட்டின் அலுவலகங்களைக் கரைத்துக் குடித்தவன் என்ற நினைப்பில் இருந்தேன். "பொலிஸ், வழக்கு எண்டு வாயெடுத்தா உன்னையே குற்றவாளி எண்டு நினைப்பாங்க. அதைச் சொல்லாத. ஊர்ல பிரச்சினை, பயம், அது போதும்" என்றேன். நானா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் அப்படியே சொன்னான். பிறகு அவன் உண்மையைச் சொன்னபோது, முதல் விசாரணையில் சொல்லாததை இப்போது சேர்க்கிறார், நம்ப முடியாது என்று எழுதி நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீட்டிலும் அதே பதில்தான். பதிமூன்று வருடம் தற்காலிக விசாவில் என் வீட்டுப் பின்னறையில் இருந்துகொண்டு, ஒரு இறைச்சித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய் வந்தான்.

அவனுடைய வக்கீல் தனேஸ்வரி என்னிடம் இரண்டு தடவை கேட்டார். சொல்லாதே என்று சொன்னது நான்தான் என்று ஒரு சத்தியக் கடதாசி எழுதித் தந்தால், வழக்கைத் திரும்பவும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாமாம். விசாரணைக்கு முன் ஆளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த மொழிபெயர்ப்பாளனுக்கு அதற்குப் பிறகு யார் வேலை கொடுப்பார்கள்? "யோசிச்சுச் சொல்றன்" என்றேன். இரண்டு தடவையும் அதைத்தான் சொன்னேன்.

இந்த வருடம் அவன் மகள் ஹனீனுக்குக் கல்யாணம் பேசினார்கள். வாப்பா வந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுத்தால்தான் கல்யாணம், வேறு ஆளை வைத்து நடத்துவதானால் எனக்கு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஊரிலிருந்து ஒரு மச்சானும் போன் எடுத்தான். "அந்த வழக்கெல்லாம் முடிஞ்சிட்டு. ஒருத்தரும் ஒன்னும் செய்ய மாட்டாங்க. தைரியமா வாங்க" என்றான். முனவ்வர் சுயவிருப்பத்தில் திரும்பிப் போகும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, குசினியில் மீன் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னான். வியாழக்கிழமை விமானம்.

"நல்லா யோசிச்சியா?" என்று கேட்டேன்.

"ஓம், நானா."

அவன் கழுவிய மீனை வாங்கிச் சட்டியில் அடுக்கினேன்.

வியாழனுக்கு முந்திய ஞாயிறு என் பேச்சு. ஸ்பெயினின் குர்துபா நகரம்தான் தலைப்பு. கதிரை அடுக்கவும் தேநீர் ஊற்றவும் வழக்கம்போல முனவ்வரும் வந்திருந்தான். டமஸ்கஸில் இருந்துகொண்டு சிந்து முதல் அட்லாண்டிக் கரை வரை ஆண்ட உமையாக்களைச் சொன்னேன். அவர்களைக் கவிழ்த்த அப்பாசியர், அந்தக் குடும்பத்தை விருந்துக்கு அழைத்துக் கொன்றதை ஒரே வரியில் தாண்டினேன். தப்பியோடிய இருபது வயது இளவரசர் அப்துர் ரஹ்மான் ஐந்து வருடம் அலைந்து, ஸ்பெயினில் ஒரு அரசை உண்டாக்கியதைச் சொன்னபோது என் குரல் தானாக ஏறியது. விளக்கு எரிந்த தெருக்கள், பள்ளிவாசலின் தூண்கள், இலட்சக்கணக்கான புத்தகங்கள் என்று அடுக்கினேன். கடைசியில் அந்த அரசும் துண்டு துண்டாக உடைந்தது என்று முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

முன்வரிசையில் இருந்த விமலாதேவி அன்ரி கையை உயர்த்தினார். "அந்த இளவரசர் அவ்வளவு தூரமும் தனியாவோ ஓடினவர்?"

"ஒரு வேலையாள் கூட வந்தவர், அன்ரி. மற்றபடி தனியத்தான்."

"இல்ல அன்ரி" என்று தேநீர் மேசையிலிருந்து குரல் வந்தது. முனவ்வர் கேத்தலைக் கீழே வைத்தான். "தம்பி ஒருத்தர் கூட இருந்தவர். பதிமூணு வயசு. குதிரைக்காரர் துரத்தி வர, ரெண்டு பேரும் யூப்ரடீஸ் ஆத்துல குதிச்சாங்க. பாதி ஆத்துல தம்பிக்கு ஏலாமப் போச்சு. கரையில நிண்டவங்க, திரும்பி வாங்க, ஒன்னும் செய்ய மாட்டம் எண்டு கூப்பிட்டாங்க. தம்பி நம்பித் திரும்பினான். கரை ஏறின இடத்துலயே தலையை வெட்டிட்டாங்க. நானாக்காரர் அக்கரையில நிண்டு பாத்தவர்."

விமலாதேவி அன்ரி முழுதாகத் திரும்பி அவனைப் பார்த்தார்.

"ஐயோ, அந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்றார் அன்ரி.

"அதை நானாக்கிட்டதான் கேக்கணும்."

எனக்குத் தெரியவில்லை. பள்ளிவாசலில் எத்தனை தூண் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இத்தனை வருடப் பேச்சில் அந்தத் தம்பியை நான் ஒரு தடவையும் சொன்னதில்லை. அவன் வந்தால் கதையின் அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிடுவேன்.

காரில் வரும்போது, "ஏன் அங்க வச்சுச் சொன்னாய்?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லாததாலதான்." கார்க் கண்ணாடியை இறக்கினான். "உங்கட புத்தகத்துலதான் படிச்சனான். அந்த நானா சும்மா நிக்கேல்ல. போகாத, என்னட்ட வா எண்டு ஆத்துல நீந்திக்கொண்டே கத்தினவர். நீங்க ஒருக்காவும் என்னைப் போகாத எண்டு சொல்லேல்லையே."

போகாதே என்று சொன்னால், இருக்க என்ன வழி என்று கேட்பான். வழி என் கையில்தான் இருந்தது. அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை. அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை உட்கார்ந்து அந்தச் சத்தியக் கடதாசியை எழுதினேன். ஒரே பக்கம்தான். செவ்வாய் முழுதும் கைப்பையில் கிடந்தது. புதன்கிழமை எனக்குக் கோர்ட்டில் வேலை இருந்தது, அதை முடித்துவிட்டுக் கொடுப்போம் என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதும் ஒரு நாள் வேலை எனக்குப் பெரிதாக இருந்தது. வியாழன் காலை, விமான நிலையத்துக்குப் போகிற வழியில், காரில் முனவ்வரை இருக்கச் சொல்லிவிட்டு சத்தியக் கடதாசிக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட உரிமையுள்ள மருந்துக்கடை ஜெயரட்ணத்திடம் ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கினேன்.

பயணிகள் வரிசைக்கு முன்னால் வைத்து அவனிடம் நீட்டினேன். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தான்.

"எழுத எவ்வளவு நேரம் எடுத்திச்சு, நானா?"

"இருபது நிமிஷம்."

தலையை ஆட்டினான். கடதாசியை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். "ஹனீன் எயார்போட்டுக்கு வந்து நிப்பாள்" என்றான்.

"போகாத, முனவ்வர்." சத்தமாகத்தான் சொன்னேன். பெட்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என் தோளைப் பிடித்துச் சிரித்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு வரிசையில் போய் நின்றான்.

வீட்டுக்கு வந்ததும் கடதாசியை தனேஸ்வரிக்கு அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளனாக எனக்கு அங்கீகாரம் தந்த இடத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். இனி யாருக்குப் பிரயோசனம் என்று என்னையே கேட்டுக்கொண்டுதான் அனுப்பினேன்.

மறுநாள் காலை கொழும்பு இலக்கத்திலிருந்து போன் வந்தது.

"நானா, உள்ளுக்கு ஒரு அறையில இருத்தி வச்சிருக்காங்க. அந்த வழக்கைத்தான் கேக்கிறாங்க. ஒரு போன் கோல் எடுக்க விட்டிருக்காங்க. ஹனீன் வெளியில நிக்கிறாளாம்."

பின்னால் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"என்ன சொல்லட்டும், நானா?"

இருபத்தைந்து வருடம் அடுத்தவருக்கு வாயாக இருந்தவன் நான். பதிமூன்று வருடத்துக்கு முன் கேட்ட அதே கேள்வி. அவன் காத்துக்கொண்டிருந்தான்.