படத்தில் மரம் இருந்த இடம்

முப்பத்தேழாவது கிலோமீட்டரில் ரோடு மேல்நோக்கிக் கிளம்பியது. அந்த மாரத்தான் பாதையை வரைந்தவனைப் பிடித்து நாலு அறை விடவேண்டும் போல அவருக்கு ஆத்திரம் வந்தது. வரைந்தவன் வேறு யாருமில்லை, அவரேதான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளக்கூடக் கையில் தெம்பில்லை.

நகராட்சியின் வரைபடப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவர். ஏசி அறையில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாதையைப் போட்டார். உயரத்தைக் காட்டும் கோடுகள் போஸ்டரை அசிங்கமாக்குகின்றன என்று ஒன்றுவிடாமல் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மரம் வரைந்து வைத்தார். என்னவொரு கலைஞர்!

அந்த மரத்தை நம்பி ஓடியவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி. போன வருஷம், ஆறு மாதம் பயிற்சி எடுத்தும், இந்த மேட்டின் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். முடியாதவர்களை ஏற்றிவரும் வேன்தான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. "அது பெரிய மேடுங்க" என்று வீட்டில் அழுதாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மேடா? வெறும் சாய்வு. எல்லாம் மனசுதான்" என்றார், அதுவும் அவள் தம்பி முன்னால். அன்றைக்கே ஷூவைத் தூக்கி அலமாரியின் மேல் போட்டாள். அவரோடு பேச்சும் குறைந்துபோனது. "நான் ஓடிக் காட்டுறேன் பாரு" என்று இவர் சவால் விட்டதற்கு, "காட்டுங்க" என்றதோடு சரி.

பதினொன்றரைக்குள் உச்சியில் ரோட்டின் குறுக்கே போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைத் தாண்டாவிட்டால் இவருக்கும் வேன்தான். அதில் ஏறிப் போய் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

நாக்கு தள்ளியது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காய்கறிப் பையோடு நடந்துவந்த ஒரு அம்மாள் அவரைச் சுலபமாகத் தாண்டிப் போனாள். போகிற போக்கில் பரிதாபமாகத் திரும்பி வேறு பார்த்தாள்.

பின்னால் ஹாரன் அடித்தது. வேனை ஓட்டுவது மைத்துனன்.

"அத்தான்! சாய்வு எப்படி இருக்கு?"

"போடா டேய்."

"கதவு திறந்துதான் இருக்கு. ஏசி கூடப் போட்டிருக்கேன்." கொஞ்ச தூரம் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தவன், குரலைத் தணித்தான். "அக்கா இதே சீட்லதான் வந்தா. வீடு வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தா, அத்தான்."

வரைபடக்காரராம், மனசாம், மண்ணாங்கட்டியாம்! பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். ஓட்டம் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

உச்சியில், கோட்டின் ஓரத்தில், கையில் கடிகாரத்தோடு நின்றிருந்தாள் அவர் மனைவி. நேரம் பார்க்கும் வேலையை அவளே கேட்டு வாங்கியிருந்தாள். கோட்டுக்கு இரண்டடி முன்னால் அவர் நின்றுவிட்டார்.

"மேடுதான்" என்றார் மூச்சிரைக்க. "நான் அப்படிப் பேசினது தப்பு."

"கேக்கல."

"மேடு! பெரிய மேடு! நான் ஒரு முட்டாள்!"

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னும் இருபது செகண்டு இருக்கு" என்றாள் அவள். "கோட்டைத் தாண்டிட்டுக் கத்துங்க."

தாண்டினார். பதினொன்றரை ஆனது. அவள் கடிகாரத்தை, பின்னாலேயே வேனில் வந்து நின்ற தம்பியிடம் கொடுத்தாள். அப்போதுதான் அவள் காலைக் கவனித்தார். அலமாரியின் மேல் கிடந்த ஷூ.

"போன வருஷம் இந்த மேட்டோட நின்னுபோச்சு. மிச்சத்தை இன்னைக்கு ஓடிடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஓட ஆரம்பித்தாள். பத்தடி போனதும் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க. இனிமே வெறும் சாய்வுதான்."

அவர் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினார்.