பச்சைச் சீட்டுக்கு ஒரு கை

பரளச்சிக்கு மேற்கே எங்கள் ஊர். ஒரே வருஷத்தில் மூன்று பேர் மாரடைப்பில் போன பிறகு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நர்ஸ் ரேணுகாதேவி பிரஷர் மிஷினோடு உட்கார ஆரம்பித்தார். எந்தச் சாமி கும்பிடுகிறவனும் போகலாம். கை இருந்தால் போதும். பிரஷர் சரியென்றால் பச்சைச் சீட்டு, கூடினால் சிவப்பு.

அதுவரை வம்பில்லை. இந்த வருஷ அசன விருந்தில் சிவப்புச் சீட்டுக்குத் தனிப் பந்தி, கறி கிடையாது, உப்பில்லாத சாம்பார்தான் என்று பாஸ்டர் அறிவித்ததும் ஊர் ஆடிப்போனது.

எனக்கு எழுபத்து நாலு. பிரஷர் நூற்றிருபதுக்கு எண்பது. மிஷின் கம்பெனிக்காரனே வருஷம் ஒருமுறை வந்து என் கையைப் பார்த்துத்தான் முள்ளைத் திருத்திக்கொண்டு போவான். ஆகவே தங்கள் பேரில் கையை நீட்டச் சொல்லி ஆட்கள் என்னைத் தேடி வந்தார்கள். ரேணுகாதேவி முகத்தைப் பார்ப்பதில்லை. சொன்ன பேரை நோட்டில் எழுதிக்கொள்வார், கண் முள்ளிலேயே இருக்கும். நாலு ஞாயிறில் சண்முகவேல், முனீஸ்வரன் என்று பதினோரு பேராக உட்கார்ந்தேன். ஒச்சம்மாளாக உட்கார்ந்தபோது துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டேன். மீசையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கை அலுத்துப்போனபோது என் சேக்காளி பால்பாண்டி வந்தான். லாரியில் லோடு ஏற்றுகிறவன். இப்போதெல்லாம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

"ஏலே, உனக்கு வேண்டாம். நெசமாவே போய்ப் பாரு."

"கையத்தானடா கேட்டேன், கிட்னியவா கேட்டேன்?"

வாதாடத் தெம்பில்லை. போய் உட்கார்ந்தேன்.

அசனத்தன்று பச்சைப் பந்தியில் இரண்டாவது கரண்டி கறி இலையில் விழுந்தபோது, பால்பாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். சட்டை வேர்வையில் தொப்பலாகிவிட்டது. ரேணுகாதேவி ஓடிவந்து நோட்டைப் புரட்டினார்.

"போன வாரம் நூத்திருபதுதானே?" என்று தயங்கினார்.

"வாய்வுதான், சோடா குடுங்க" என்றது பந்தி. பதினோரு பேரும் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"தாயி, அது என் கை" என்றேன்.

"என்ன தாத்தா?"

"நோட்டுல பாதி என் கைதான். பெறகு திட்டிக்கங்க, இவன மொதல்ல பாருங்க."

முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. பாஸ்டர் காரிலேயே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பத்தாம் நாள் பால்பாண்டி திரும்பி வந்தான், ஆள் பாதியாக.

"ஏலே, அந்த ரெண்டாங் கரண்டிக் கறிய யாருடா தின்னா?"

அடுத்த ஞாயிறு ரேணுகாதேவி பழைய நோட்டைக் கிழித்துப்போட்டு எல்லோரையும் புதிதாகப் பார்த்தார். முதலில் என்னை. முள் நூற்றறுபதில் நின்றது. அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"இது யாரு கை தாத்தா?"

"என்னோடதுதான் தாயி. ஓஞ்சு போச்சு."